விருந்தினர் அறைத் தராசு

ஹாலோவெல் கல்லூரி, படகுக்கொட்டகை
28 ஏப்ரல் 1993

இங்ரிட்,

உன் பையன் கமின்ஸ்கியின் சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படகுப் பந்தயத்தில் தோற்றவர்கள் கரையேறுமுன் சட்டையைக் கழற்றி வென்றவர்களிடம் கொடுக்க வேண்டும், சரிதான். ஆனால் படகிலேயே மயங்கி விழுந்தவனிடமிருந்து ஆம்புலன்ஸ்காரர்கள் கத்தரியால் வெட்டி எடுத்த சட்டையை யார் வாங்கிக்கொள்வது? உன் ஆட்கள் அதையும் மற்றவற்றோடு மடித்து எங்கள் படகுத்துறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் ஐந்தாம் துடுப்புக்காரன் தொட மறுத்துவிட்டான். "எனக்கு வேணாம் கோச். ஜெயிச்ச மாதிரியே இல்ல" என்றான். நாங்கள் ஜெயித்தோம் என்பதை நான் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். யாரோ ஒரு பெண், "தோர்ன்பரி கல்லூரி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை" என்று மனப்பாடம் செய்ததுபோல ஒப்பித்தாள். அதனால்தான் கடிதம்.

பையன் எப்படி இருக்கிறான்? சிறுநீரகம் நின்றுபோனதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். இங்கே பேசுகிறவர்களை உனக்குத் தெரியும். நூற்று அறுபது பவுண்டைத் தாண்டக்கூடாத நம் பையன்களைக் கொசுப் பட்டாளம் என்று கூப்பிடும், எடை வரம்பில்லாத பெரிய படகுக்காரர்கள்தான். பதினோரு கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் நான்கு. ஆனாலும் புதுப் படகு அவர்களுக்கு, ஒட்டுப்போட்ட படகு எனக்கு. பெரிய படகின் பயிற்சியாளர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் விளையாட்டுத் துறை இயக்குநர் ஹேல் என் தோளில் கைபோட்டு, "உங்க இடத்துக்கு வேற ஆள் கிடைக்காதே வெண்டல்" என்றார். வரலாற்றில் முதுகலை படித்துவிட்டு இந்த மனிதரிடம் கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிறேன்.

நீ ஆறு வருடம் எனக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு ஒரு வாரம் முன்னறிவிப்போடு தோர்ன்பரிக்குப் போனதையும், போன வருடம் என் ஆற்றிலேயே என்னை ஜெயித்ததையும் நான் மறக்கவில்லை. அந்தக் கணக்கு வேறு. இது வேறு.

விசாரணை என்று ஒன்று வைத்தால், பையன் பேருந்தில் தண்ணீர் குடித்திருக்கலாம் என்று சொல். குடிப்பார்கள். எல்லாப் பையன்களும் குடிப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். அன்று காலை அவனை எந்தத் தராசில் நிறுத்திப் பார்த்தாய்?

வெண்டல் கேரி


தோர்ன்பரி
1 மே 1993

கோச்,

சட்டை வந்தது. அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இத மறுபடி தைக்கலாம்" என்றார். மருத்துவமனை வராந்தாவில் என்னோடு அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

பீட்டர் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் மெல்ல வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. இனி படகு வலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருபது வயது. அவன் என்னிடம் கேட்டதென்ன தெரியுமா? "கோச், என்னாலதானே தோத்தோம்?"

தொலைபேசியில் ஹாலோவெல் ஆட்களோடு பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கறிஞரின் உத்தரவு. கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யார் எழுதப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

விசாரணை மே பதினொன்றாம் தேதி. ஒரே கேள்விதான். எடை சரியாக இருந்த பையனை எதற்காக ஓடவிட்டாய்? அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் வேலை போய்விடும். என் வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. ஆண்கள் அணிக்கு ஒரு பெண்ணை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல எத்தனை பேர் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த இருபது வருடத்துக்கு ஒருத்தியையும் உள்ளே விடமாட்டார்கள்.

நடந்தது இது. கிளம்புமுன் எங்கள் தராசில் அவன் அளவுக்குள்தான் இருந்தான். உங்கள் கொட்டகையில், வெளியூர் அணி உடைமாற்றும் அறையில் இருக்கிறதே அந்தப் பழைய இரும்புத் தராசு, அதில் ஏறினான். ஒன்றரைப் பவுண்டு அதிகம். பேருந்தில் தண்ணீர் குடித்தாயா என்றேன். "ரெண்டு மொடக்கு, அவ்வளவுதான்" என்றான். நடுவர் எடை பார்த்து முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மூன்று கம்பளிச் சட்டை, மேலே பிளாஸ்டிக் அங்கி. வியர்த்து எடை குறையட்டும் என்று கரையோரமாக ஓடவிட்டேன். திரும்பி வந்தவன், "தலை கிறுகிறுங்குது கோச்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படகுல ஏறினா சரியாயிடும்." இது யாருடைய வாக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாணவியாக உங்கள் படகில் நான் சுக்கான் பிடித்த நான்கு வருடமும் காதில் விழுந்த வாக்கியம்.

நடுவர் வைத்திருந்த தராசில் அவன் அளவுக்கு இரண்டு பவுண்டு கீழே இருந்தான். நான் அதிகமாக ஓடவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எந்தத் தராசு என்று ஏன் கேட்டீர்கள்?

இங்ரிட்


ஹாலோவெல்
3 மே 1993

இங்ரிட்,

பையன் பிழைத்தது பெரிய நிம்மதி.

தராசைப் பற்றி நான் கேட்டது சும்மா. பழைய சாமான். எங்கள் முதலாமாண்டுப் பயல்கள் அறையில் இருந்தது. கொஞ்சம் கூடக் குறையக் காட்டும்தான். நீ விசாரணையில் அதைச் சொல்லலாம். தராசைச் சோதித்துப் பார்க்கக் கேள். யாரும் உன்னைத் தப்பு சொல்ல முடியாது.

பதினாறாம் தேதி கிழக்கு மாநிலப் போட்டி. இந்த வருடம் இன்னும் ஒரு பந்தயம்கூடத் தோற்கவில்லை. பையன்கள் காலையில் அரை ஆரஞ்சும் ஒரு வேகவைத்த முட்டையும் தின்றுவிட்டு, பனியில் கை விறைக்க வலிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு

இந்தக் கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன். ஹேல் வருகிறார்.

வெ. கே.


தோர்ன்பரி
5 மே 1993

கோச்,

நீங்கள் காலையில் தராசில் ஏறாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. பையன்களை ஏறச் சொல்லுமுன் நீங்கள் ஏறுவீர்கள். இத்தனை வருடமாக ஒரே எடை. "நான்தான்டா இந்தக் கொட்டகையோட படிக்கல்லு" என்று பெருமையடித்துக்கொள்வீர்கள். எந்தத் தராசு எவ்வளவு பிசகு என்று உங்கள் உடம்பே சொல்லிவிடும்.

'கொஞ்சம் கூடக் குறையக் காட்டும்' என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன் என்று எதை வைத்து நினைத்தீர்கள்?

பந்தயத்துக்கு முன்னால் தெரியுமா, தெரியாதா?

இங்ரிட்


ஹாலோவெல்
7 மே 1993

இங்ரிட்,

தெரியும்.

மார்ச்சில் முதலாமாண்டுப் பயல்களுக்குப் புதுத் தராசு வந்தது. பழையதை வெளியூர் அறைக்குத் தூக்கிப்போகச் சொன்னேன். படியில் போட்டுவிட்டார்கள். மறுநாள் நான் ஏறிப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு பவுண்டு அதிகம் காட்டியது. இறங்கி, மறுபடி ஏறினேன். அதே அளவு. பழுது பார்க்க ஆள் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே நினைத்தேன். பிறகு இந்த வருடம் முதலாவதாக இங்கே வரும் வெளியூர் அணி தோர்ன்பரி என்பது நினைவுக்கு வந்தது. ஆளைக் கூப்பிடவில்லை.

சதி என்று சொல்லாதே. நான் எதையும் திருகவில்லை. ஒரு பொருள் கெட்டுப்போயிருந்தது; அது கெட்டே இருக்கட்டும் என்று விட்டேன். அளவெடுக்கும் தராசு சரியாகத்தானே இருந்தது, யாரையும் ஏமாற்றவில்லையே என்று எனக்கு நானே எத்தனை முறை வாதாடியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது. உன் பையன்கள் கொஞ்சம் வியர்த்துக் களைத்து வருவார்கள், அரைப் படகு நீள முன்னிலை எனக்குக் கிடைக்கும். அவ்வளவுதான் என் கற்பனை. போன வருடம் நீ ஜெயித்த பிறகு செய்தித்தாளில் 'குருவை மிஞ்சிய சிஷ்யை' என்று போட்டார்களே, அதை ஹேல் வெட்டி அலுவலகப் பலகையில் குத்தி வைத்திருந்தார். ஏழு மாதம் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் போனேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று அவன் கரையில் ஓடியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் காப்பிக் கோப்பை. இரண்டாவது சுற்றில் அவன் கால் பின்னியது. இறங்கிப் போய், "அந்தத் தராசு தப்பு, அவனை உட்காரச் சொல்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படி இறங்கக்கூடச் செய்தேன். பாதியில் என் பையன்கள் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. திரும்பி ஏறிவிட்டேன்.

இப்போது கேள். ஹேல் ஒரு அறிக்கை தயாரித்திருக்கிறார். 'பந்தயத்துக்குப் பிறகு சோதித்ததில் விருந்தினர் அறைத் தராசு பழுதானது தெரியவந்தது. முன்னதாக இது எவருக்கும் தெரியாது.' என் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் நீ தப்பித்துவிடுவாய். நானும். என் பையன்களின் இந்த வருடப் பந்தயங்களும் மிஞ்சும். உண்மையை எழுதினாலும் நீ தப்பிப்பாய். ஆனால் கிழக்குப் போட்டியிலிருந்து எங்களை விலக்கிவிடுவார்கள். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு இது கடைசி வருடம். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

நான் கையெழுத்துப் போடப் போகிறேன். போட்டி முடியட்டும், பிறகு சொல்லிவிடுகிறேன்.

வெண்டல்


தோர்ன்பரி
12 மே 1993

கோச்,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் கைப்பையில் அதை வைத்துக்கொண்டுதான் விசாரணைக்குப் போனேன். அதை எடுத்து மேசைமேல் போட வேண்டும், போட்டுவிட்டு உங்கள் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.

நீளமான மேசை. ஐந்து ஆண்கள். தலைவர் உங்கள் அறிக்கையை வாசித்தார். வாசித்து முடித்ததும் அறையே தளர்ந்து உட்கார்ந்தது. யாரும் இனி யாரையும் துரத்த வேண்டியதில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். தலைவர் என்னிடம், "இதுல நீங்க ஏதாவது சேர்க்கணுமா, மிஸ் ஹோல்ம்?" என்றார்.

கைப்பை மடியில் இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

குற்றம் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் ஒருவர், "அந்த கேரி பெரிய மனுஷன்ங்க. தன் கொட்டகைத் தப்ப இப்படி வெளிப்படையா ஒத்துக்க யாருக்கு மனசு வரும்?" என்றார். நான் தலையாட்டினேன்.

உங்களைத் திட்ட மனதில் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். இன்று காலை ஆற்றில் விசைப்படகில் போய்க்கொண்டிருக்கும்போது அதை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் படியில் நீங்கள் பாதி இறங்கித் திரும்பினீர்கள் அல்லவா? நான் அந்த அளவுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

தராசு பொய் சொன்னது. ஆனால் பீட்டர் என் எதிரில் நின்று உண்மை சொன்னான். தலை சுற்றுகிறது என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் முள்ளைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

போட்டி முடிந்ததும் சொல்லிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

இங்ரிட்


ஹாலோவெல்
18 மே 1993

இங்ரிட்,

ஜெயித்துவிட்டோம். செய்தித்தாளில் பார்த்திருப்பாய். உன் படகு ஐந்தாவதாக வந்ததையும் பார்த்தேன். கமின்ஸ்கியின் இடத்தில் உட்கார்ந்த அந்தச் செம்பட்டைத் தலைப் பையன் மோசமில்லை. துடுப்பை நீரிலிருந்து எடுக்கும்போது அவசரப்படுகிறான்.

பரிசளிப்பில் ஹேல் என்னைக் கட்டிப்பிடித்தார். மனிதருக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அடுத்த ஆண்டுக்குப் புதுப் படகு தருகிறாராம். அதற்கு என் பெயரையே வைக்கலாமா என்று வேறு கேட்டார். வேண்டாம் என்றேன். "பாருங்கய்யா, எவ்வளவு அடக்கம்!" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்.

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தபோது ஒன்று உறைத்தது. இப்போது நான் உண்மையைச் சொன்னால், 'அந்தப் பெண்ணுக்கு எப்போது தெரியும்?' என்று கேட்பார்கள். என் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை நீ 'இல்ல சார்' என்றாய். நான் விழுந்தால் உன்னையும் இழுத்துக்கொண்டுதான் விழுவேன்.

இதை ஒரு சாக்காக எழுதுகிறேன் என்று நினைப்பாய். பாதி சாக்குதான். ஆனால் இதுவும் உண்மை.

வெண்டல்


ஹாலோவெல்
27 மே 1993

இங்ரிட்,

நீ பதில் போடவில்லை. போட வேண்டியதுமில்லை. இது அவசரம் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கமின்ஸ்கி இங்கே வந்தான். அம்மாவின் காரை ஓட்டிக்கொண்டு தனியாக வந்திருக்கிறான். சட்டைக்குள் ஆளே இல்லாதது மாதிரி மெலிந்திருந்தான். நான் படகை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், நான் பீட்டர் கமின்ஸ்கி" என்று கை நீட்டினான்.

"தெரியும்ப்பா. உக்காரு. நிக்காத."

"இல்ல சார், பரவால்ல. ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னுதான். நீங்க அந்த பேப்பர் குடுக்கலேன்னா எங்க கோச்ச வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. என்னால அவங்க வேலை போச்சுன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னே தெரியல."

என் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினான், இங்ரிட். கை முழுக்க எண்ணெய். அவன் கவலைப்படவில்லை. பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த மெஷின தூக்கிப் போட்டுட்டீங்களா சார்? அது மேல எனக்கு ஒரு கடுப்பு" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அது தப்புன்னு எனக்கு மொதல்லயே தெரியும் பீட்டர். மார்ச்லேர்ந்து தெரியும்." அவ்வளவுதான் சொன்னேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சட்டையில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எங்க கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. போய்விட்டான். அவன் உன்னிடம் வருவான். கேட்டால், உனக்குத் தெரியாது. என் பேச்சைக் கேட்டு நீ செய்ய வேண்டிய கடைசிக் காரியம் இது. அந்தக் கடிதங்களை எரித்துவிடு.

வெண்டல்


தோர்ன்பரி
2 ஜூன் 1993

கோச்,

பீட்டர் வந்தான். எதுவும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் முதல் நாளே வந்துவிட்டது. வார்த்தைகூடத் தயாராக இருந்தது.

அவன் என் அலுவலகத்தில் உட்கார்ந்து உங்களைத் திட்டினான். உங்களை அந்த வார்த்தைகளால் யாரும் திட்டி நான் கேட்டதேயில்லை. பெரிய படகுக்காரர்கள்கூட அவ்வளவு சொன்னதில்லை. பிறகு, "நீங்க அந்த ஆள்கிட்ட படிச்சும் அந்த மாதிரி ஆகல கோச்" என்றான். பெருமையாகச் சொன்னான். என்னைப் பற்றி.

சொல்லிவிட்டேன். விசாரணைக்கு முன்னாலேயே தெரியும், கடிதம் பையில் இருந்தது, வேலைக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன் என்று. அவன் எழுந்து போகவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்றான்.

"நான் சொல்றேன்" என்றேன்.

நேற்று போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம்.

வரும் திங்கட்கிழமை காலை எங்கள் கல்லூரி டீனைப் பார்க்கப் போகிறேன். உங்களுக்கு முன்கூட்டித் தெரியப்படுத்துவது ஒரு மரியாதைக்காக. நீங்கள் செய்யாததை நான் செய்கிறேன் என்று குத்திக்காட்ட அல்ல. கடிதங்களை எரிக்கவில்லை. கொண்டுபோகவும் போவதில்லை. உங்கள் பங்கைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். என் பங்கை மட்டும் நான் சொல்வேன்.

இங்ரிட்


ஹாலோவெல்
6 ஜூன் 1993

இங்ரிட்,

இதை உன் வீட்டுக் கதவடியில் நானே வந்து போட்டுவிட்டுப் போகிறேன். தபாலுக்கு நேரமில்லை. மணி அடிக்க மாட்டேன், உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

நேற்று ஹேலின் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை. மனிதர் அரைக்கால் சட்டையில், இயந்திரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கையசைத்தார், நிறுத்தவில்லை. நான் பக்கத்திலேயே நடந்தேன். அந்த இரைச்சலில், "தராசு கெட்டுப்போனது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். "என்னது? தராசா? புதுசு வாங்கிக்கலாம், வாங்கிக்கலாம்!" என்றார். வேலி வரை போய்த் திரும்பினோம். மறுபடி சொன்னேன். "சாயங்காலம் பேசலாமே வெண்டல்!" கடைசியில் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். அவர் அதை அணைத்தார். நான் ஏற்கெனவே கத்தத் தொடங்கியிருந்தேன். "எனக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் அந்தப் பையன ஓடவிட்டேன்!" தெருவே அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடினான்.

ஹேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது பையனைப் பற்றியல்ல. "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்கு மட்டும்" என்றேன்.

"அப்ப உங்களோடயே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?" குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். அவர் இயக்குநராக வந்த இந்தப் பதினைந்து வருடமாக அந்த மனிதர் என்னிடம் ஏதாவது கெஞ்ச வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். கிடைத்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

முடியாது என்றேன். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு நகல் போட்டிக் குழுவுக்குப் போகிறது. வேலை முடிந்தது. ஏப்ரல் பந்தயமும் கிழக்குக் கோப்பையும் போகும். இன்று காலை என் பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த ஐந்தாம் துடுப்புக்காரன், "நாங்க நல்லா வலிச்சோம் கோச்" என்றான். ஆமாம் என்றேன். நல்லாத்தான் வலித்தார்கள். அதையும் நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

நான் எழுதியதில் உன் பெயர் இல்லை. யாரும் உன்னைத் தேடி வரமாட்டார்கள். நாளை நீ டீன் அலுவலகப் படி ஏற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஆனால் நீ போவாய். எனக்குத் தெரியும். உன்னைத் தடுப்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது, தடுக்கும் வரி வரவில்லை.

போ. எனக்காக எதையும் மென்று விழுங்காதே.

வெண்டல்